மனப்பாடக் கதை

கதையைப் படிக்கத் தேவையில்லை, நிறத்தைப் பார்த்தால் போதும் என்றுதான் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். எனக்கும் அது வசதியாகவே இருந்தது. எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துச் சொச்சம் பிள்ளைகள் போட்டிக்குக் கதை எழுதுகிறார்கள். தொள்ளாயிரம் கதைகளில் நாயகன் கடைசியில் கலெக்டர் ஆகிவிடுவான். மீதியில் மரம் பேசும். எல்லாவற்றையும் உட்கார்ந்து படிப்பதென்றால் அரசாங்கம் எனக்கு ஆயுளையும் கொஞ்சம் நீட்டித்துத் தர வேண்டியிருக்கும்.

என் பெயர் அனுசுயா. ‘முதல் ஊற்று’ சிறுகதைப் போட்டியின் திருப்பூர் சரிபார்ப்பு மையத்தில் மூன்றாவது வருடமாக வேலை பார்க்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கான போட்டி இது. கேட்ட மாத்திரத்தில் செல்போனே கதை எழுதித் தருகிற காலம் வந்ததும், எந்தப் பிள்ளை சொந்தமாக எழுதியது என்று கண்டுபிடிக்க முடியாமல் போட்டியையே நிறுத்திவைத்திருந்தார்கள். பிறகு ஊற்றுமானி வந்தது. நெற்றியில் கட்டிக்கொள்கிற இரண்டு விரல் அகலப் பட்டை, அவ்வளவுதான். பிள்ளைகள் அதைக் கட்டிக்கொண்டு எங்கள் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கையால் எழுத வேண்டும். தலைப்பு அவரவர் விருப்பம். அவர்கள் எழுத எழுத ஒவ்வொரு வரிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் எங்கள் திரையில் விழும். அங்கேயே புதிதாகத் தோன்றியது பச்சை. வாழ்க்கையில் நடந்தது நினைவுக்கு வந்தால் மஞ்சள். மனப்பாடமாக இருப்பது, யாரோ சொன்னது, எங்கேயோ படித்தது எல்லாம் சிவப்பு. பத்தில் ஒரு பங்குக்கு மேல் சிவப்பு இருந்தால் கதை தள்ளுபடி.

தள்ளுபடி என்றால் சும்மா இல்லை. பிள்ளையின் பெயர், பள்ளியின் பெயர் இரண்டும் போட்டியின் தளத்தில் ‘தகுதி நீக்கப்பட்டோர்’ பட்டியலில் ஏறும். அடுத்த வருடம் அந்தப் பள்ளியிலிருந்து யாரும் கலந்துகொள்ள முடியாது.

அந்த வியாழக்கிழமை என் மேசைக்கு வந்த நானூற்றுப் பதினேழாம் எண் தாள் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சிவப்பு. இடையில் ஒரு பொட்டுப் பச்சை கிடையாது. எங்கிருந்து சுட்டது என்று தேடச் சொன்னேன். அச்சில் வந்த கதைகள், இணையத்தில் உள்ள கதைகள், கதை எழுதித் தருகிற செயலிகளின் கிடங்குகள் என்று எல்லாவற்றையும் துழாவிவிட்டு, பொருந்துகிற எதுவும் இல்லை என்று பதில் வந்தது. இப்படி வந்தால் வாத்தியாரோ பெற்றோரோ எழுதிக் கொடுத்து உருப்போட வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதற்கென்றே ஒரு முத்திரை வைத்திருக்கிறோம். ‘ஊற்று தெரியவில்லை. வெளியார் எழுதியது.’

முத்திரையை மையில் ஒற்றி எடுத்துவிட்டேன். தாளில் வைக்கிற இடம் கடைசி வரிக்குக் கீழே. அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது.

‘அன்று அம்மாவுக்குப் பசிக்கவே இல்லை.’

ஏன் பசிக்கவில்லை? உடம்பு சரியில்லையா, யாரிடமாவது சண்டையா? எனக்கு இது ஒரு வியாதி. யாராவது பாதி பேசிவிட்டு எழுந்து போனால் மீதியைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது. முத்திரையைக் கீழே வைத்துவிட்டு முதல் பக்கத்துக்குப் போனேன்.

கதை இதுதான். ஒரு பெண், பனியன் கம்பெனியில் வேலை செய்கிற அம்மாவுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகிறாள். மூன்று மாடிக் கட்டடம். ஆனால் லிப்டில் நாலாம் எண் பொத்தானும் இருக்கிறது. அழுத்துகிறாள். கதவு திறந்தால் ஒரு நாலாவது மாடி. கம்பெனிக்கு வராமல் இருந்திருந்தால் என்னவாக ஆகியிருப்பார்களோ, அப்படியே எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். கட்டிங் மாஸ்டர் கபடிக்காரராக இருக்கிறார். வாட்ச்மேன் இரண்டு ஏக்கரில் மஞ்சள் போட்டிருக்கிறார். வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் வருகிறாள். அது அம்மா. ‘யாரைப் பார்க்கணும் பாப்பா?’ என்று கேட்கிறாள். அவளுக்கு இந்தப் பெண்ணைத் தெரியவில்லை, ஏனென்றால் அந்த வாழ்க்கையில் இவள் பிறக்கவே இல்லை. பெண் என்ன சொல்வதென்று தெரியாமல் சாப்பாட்டை அவளிடமே நீட்டுகிறாள். நர்ஸ் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, யார் சமைத்தது என்று விசாரிக்கிறாள். பெண் வெறும் பாத்திரத்தோடு, அம்மா வேலை செய்கிற இரண்டாம் மாடிக்கு இறங்கி வருகிறாள். சாப்பாடு எங்கே என்று அம்மா கேட்கவில்லை. அன்று அம்மாவுக்குப் பசிக்கவே இல்லை.

படித்து முடித்ததும் நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றேன். இதை எழுதியது யார்? வாத்தியாரா? அப்படியானால் அந்த மனுசன் இன்னும் என்னவெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்? உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்றெல்லாம் அப்போது நான் நினைக்கவில்லை. எழுதிய ஆளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளிக்குத் தகவல் அனுப்பினேன்.

சனிக்கிழமை காலையில் இரண்டு பேர் வந்தார்கள். கனிஷ்கா, பத்தாம் வகுப்பு. சீருடையிலேயே வந்திருந்தாள், லீவு நாளில். கூட அவள் அம்மா செல்வநாயகி. ஷிப்டைப் பாதியில் விட்டு வந்திருப்பார்கள் போலிருக்கிறது, சேலையில் அங்கங்கே பஞ்சு ஒட்டியிருந்தது.

உட்காரச் சொல்வதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டார்கள்.

“மேடம், பரிசெல்லாம் வேண்டாமுங்க. என்ற புள்ள திருடலைன்னு மட்டும் ஒரு காயிதம் எழுதிக் குடுத்துருங்க. நீங்க கூப்புட்டு உட்டதுல இருந்து பள்ளிக்கூடத்துல எல்லாரும் காப்பிக்காரின்னுதான் கூப்புடறாங்களாமா. தமிழய்யா மூஞ்சி குடுத்துப் பேசறதில்லியாமா. ரெண்டு நாளா சோறு திங்கல.”

“உட்காருங்கக்கா. இன்னும் எதுவும் முடிவு பண்ணலை.”

“அந்தப் பட்டை என்னத்தக் கண்டுபுடிக்குதுன்னே எனக்குப் புரியலீங்க.”

“நாம பேசறது, எழுதறது எல்லாம் தலைக்குள்ள ஒரே இடத்துல இருந்து வர்றதில்லக்கா. இப்ப புதுசா யோசிச்சா ஒரு பக்கம் வேலை செய்யும். நேத்து நடந்ததை நினைச்சா வேற பக்கம். வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி ஒப்பிச்சா இன்னொரு பக்கம். எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பட்டை பார்த்துச் சொல்லும்.”

“ஓ… எங்க கம்பெனியில பண்டல்ல ஸ்டிக்கர் ஒட்டற மாதிரிங்களா? எந்த லைன்ல தைச்சதுன்னு?”

“அதேதான். உங்க பொண்ணு கதையில எல்லா வரியிலயும் ஒப்பிக்கற லைன் ஸ்டிக்கர்தான் இருக்கு.”

கனிஷ்கா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நான் தாளை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“கண்ணு, திட்ட மாட்டேன். இத யாரு எழுதினது?”

“நாந்தானுங்க.”

“எழுதினது நீதான். யோசிச்சது?”

“நாந்தானுங்க மேடம்.”

“அப்புறம் எப்படி முழுக்கச் சிவப்பா வந்துச்சு?”

அவள் அம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கேட்கக் கூடாததை நான் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

“மனப்பாடம் பண்ணுனனுங்க.”

“எதை?”

“என்ற கதையத்தானுங்க. வீட்டுலயே எழுதிட்டேன். எழுதி முடிச்சுட்டு மூணு வாரம் மொட்டை மாடியில நடந்து நடந்து மனப்பாடம் பண்ணுனேன். பத்தொம்போது தடவை பாக்காம எழுதிப் பாத்தேன். கடைசி நாலு தடவ ஒரு தப்புகூட வரல.”

“ஏன்?”

“பரிச்சை மாதிரின்னு சொன்னாங்கல்லங்க? மனப்பாடம் பண்ணாம எப்பிடிங்க பரிச்சைக்குப் போறது?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தும் விட்டேன். நானும் அப்படித்தானே படித்தேன். பன்னிரண்டாம் வகுப்பில் ‘நான் ரசித்த இயற்கைக் காட்சி’ என்று கட்டுரை கேட்டால், எங்கள் வகுப்பு முப்பத்தெட்டு பேரும் ஒரே அருவியை ரசித்திருந்தோம். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையாவது பரீட்சைக் கூடத்துக்கு வெறும் தலையோடு போகுமா? அடி ஸ்கேலை மறந்தாலும் மறக்கும், மனப்பாடத்தை மறக்காது. இந்த ஊற்றுமானியைக் கண்டுபிடித்தவர்கள் எந்த ஊர்க்காரர்களோ, அவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“அந்த முதல் நோட்டு எங்க? நீ வீட்டுல எழுதினது?”

அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

“கிழிச்சு நொய்யல்ல போட்டுட்டனுங்க. பையில இருந்தா பிட்டுன்னு சொல்லிருவீங்கன்னு பயந்துட்டேன்.”

அத்தோடு கையில் இருந்த ஒரே சாட்சியும் ஆற்றோடு போயிற்று. அந்தப் பெண் சொல்வதை நான் நம்பினேன். ஆனால் என் நம்பிக்கைக்கு எந்த நிறமும் இல்லையே, படிவத்தில் எழுதுவதற்கு.

“கஷ்டந்தான்,” என்றேன். “திரையில சிவப்புன்னா தள்ளிடணும். அதான் விதி.”

செல்வநாயகி அக்கா சேலையில் ஒட்டியிருந்த பஞ்சைக் கிள்ளி எடுத்தார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்கள்.

“மேடம், நான் பதினாறு வருசமா செக்கிங்ல இருக்கறனுங்க. ஒரு பீஸ்ல கறை இருந்தா நாங்க எடுத்தவுடனே ரிஜெக்ட்ல வீசறதில்லீங்க. தையலப் பிரிச்சுப் பாப்போம். கறை துணியிலயே இருந்துச்சா, மிசின் எண்ணெயா, இல்ல தைச்ச கையில இருந்து வந்துச்சான்னு. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற மாதிரி இருக்கும். நீங்க பிரிச்சுப் பாத்தீங்களா?”

பிரித்துப் பார்த்தோமா? எதைப் பிரிப்பது? அந்தக் கேள்வியை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தோசை ஊற்றும்போதும் துணி காயப்போடும்போதும் அதுவே ஓடியது. இன்னொருவர் எழுதியதை உருப்போட்டவளுக்கு என்ன தெரியும்? தாளில் இருப்பது தெரியும். எழுதியவளுக்கு? தாளில் இல்லாததும் தெரியும். எந்த வரி எப்போது வந்தது, எதை அடித்தாள், ஏன் அடித்தாள் என்பதெல்லாம் அவள் உட்கார்ந்து மனப்பாடம் செய்ததில்லை. அது அவளுக்கு நடந்தது. நடந்ததற்கு என்ன நிறம்?

திங்கட்கிழமை ஞானசிகாமணி சாருக்கு போன் போட்டேன். மண்டலத்துக்கே அவர்தான் அதிகாரி, விதிமுறைகளை எழுதிய குழுவில் இருந்தவர். விதியை மீறிப் பேசினால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். போனில் அது தெரியாது என்ற தைரியத்தில் முழுதும் சொன்னேன்.

“அவளைக் கதையை மேற்கொண்டு தொடரச் சொல்லிப் பாத்தியாம்மா?” என்றார்.

“அதுல பச்சை வந்தாலும் ஒண்ணும் நிரூபணம் ஆகாதே சார். அடுத்தவங்க கதைக்கும் யாரு வேணாலும் வால் ஒட்டலாம்.”

“கரெக்ட். நீ சொல்ற மாதிரி மஞ்சள் வரும்னு உறுதியா சொல்றியா?”

“தெரியாது சார். யாரும் இதுவரைக்கும் கேட்டுப் பாத்ததில்ல. தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு.”

புதன்கிழமை அவரே வந்தார். அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். கனிஷ்காவின் நெற்றியில் பட்டையை நான்தான் கட்டினேன். அவள் நெற்றி ஈரமாக இருந்தது. திரையை அவளுக்குத் தெரியாதபடி திருப்பி வைத்தோம்.

முதலில் கதையை ஒரு தடவை சொல்லச் சொன்னார் சார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எழுந்து நின்று ஒப்பித்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை. திரை முழுக்கச் சிவப்பு. செல்வநாயகி அக்கா அந்தக் கதையை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நர்ஸ் வருகிற இடத்தில் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்கள். நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு நான் ஆரம்பித்தேன்.

“நாலாம் நம்பர் பட்டன். இது உனக்கு எப்ப தோணுச்சு?”

“நான் லிப்ட்ல போனதே இல்லீங்க. கம்பெனிக்கு உள்ள உட மாட்டாங்க. வாட்ச்மேன் அண்ணன் சோத்துப் போசிய மட்டும் வாங்கி லிப்ட்ல வெச்சு மேல அனுப்புவாரு. போசி தனியாப் போகும். ஒரு நாள் பாத்துட்டே இருந்தனா… இது பாட்டுக்கு எந்த மாடிக்கு வேணா போயிருமேன்னு நெனச்சேன். அன்னிக்கு வெயில்ல செருப்பு அறுந்துபோச்சு.”

திரையில் மஞ்சள்.

சார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நர்ஸோட செருப்பு சத்தமே போடலைன்னு எழுதியிருக்கே?”

“மொதல்ல கிறீச் கிறீச்சுனு சத்தம் வர்ற மாதிரிதானுங்க எழுதுனேன். அப்பறம் அடிச்சுட்டேன். சத்தம் வந்தா கதையில வர்ற புள்ள திரும்பிப் பாத்துருமுங்க, அப்ப அம்மான்னு முன்னாடியே தெரிஞ்சுபோயிரும். பக்கத்துல வந்தப்பறம்தான் தெரியணும். அத அடிச்சப்ப பேனா பட்டு நோட்டே ஓட்டையாயிருச்சு.”

மஞ்சள். நல்ல கெட்டியான மஞ்சள்.

அப்படியே பதினாலு வரிகள் கேட்டோம். ஒரு வரி தண்ணி லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது வந்தது. ஒன்று கணக்கு வகுப்பில், முட்டி போட்டிருந்தபோது. கபடிக்காரர் முதலில் சைக்கிள்காரராக இருந்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் மஞ்சள்தான் விழுந்தது. ஒரு கதை உண்டாவதைக் கூடவே இருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. மூன்று வருடமாக இந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், இப்படி ஒன்றுக்கும் அதை உபயோகிக்கலாம் என்று தோன்றியதே இல்லை.

பதினைந்தாவதாக, ‘நர்ஸாகப் போயிருந்தால் இந்த வாயாடிகளுக்கெல்லாம் ஊசி போட்டுத் தூங்க வைத்திருப்பேன்’ என்ற வரியைப் படித்தேன். வாசித்து முடிக்கும் முன்பே கனிஷ்கா சொன்னாள்.

“அது நான் யோசிச்சது இல்லீங்க. அம்மா சொல்றதுங்க. நாங்க சண்ட போட்டா சொல்லும்.”

திரையைப் பார்த்தேன். சிவப்பு.

“நான் எப்பக் கண்ணு அப்பிடிச் சொன்னேன்?” என்றார்கள் அக்கா, வெட்கத்தோடு.

“தெனமும் சொல்றீங்க.”

சார் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “ஒரு வரிதானே. பத்துல ஒரு பங்குக்குள்ளதான் வரும்,” என்றார். பிறகு அவரே தாளை வாங்கி, கடைசி வரியில் விரலை வைத்தார். “இது எப்படிம்மா வந்துச்சு?”

அம்மா பக்கம் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“மொதல்ல அம்மா அழுகற மாதிரி முடிச்சிருந்தனுங்க. எழுதறப்ப எனக்கே அழுகாச்சி வந்துருச்சு. ஆனா அது நல்லால்லைன்னு தோணிட்டே இருந்துச்சு. அப்பறம் ஒரு நாள் அம்மா சோத்துப் போசிய அப்பிடியே திருப்பிக் கொண்டாந்துச்சு. ஏம்மா திங்கலைன்னு கேட்டேன். பசிக்கலைன்னுச்சு. வேலை எச்சா இருந்தா அப்பிடித்தான் சொல்லுமுங்க, பொய்யி. அன்னிக்கு நான் நெனச்சேன், நெசமாலுமே பசிக்காம இருந்தா எப்பிடி இருக்கும்னு. வேற எங்கயோ ஒரு அம்மா திருப்தியாத் தின்னுருந்தா…”

மஞ்சள். திரையைப் பார்த்துவிட்டு சார் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் துடைக்கவில்லை.

செல்வநாயகி அக்கா எழுந்து வந்து பெண்ணின் பக்கத்தில் நின்றார்கள். நெற்றிப் பட்டையைச் சரி செய்வது போலத் தொட்டார்கள். அது சரியாகத்தான் இருந்தது.

“நாலாவது மாடியில நான் நல்லா இருந்தனா கண்ணு?”

“நல்லா இருந்தீங்கம்மா. கொஞ்சம் எடை போட்டிருந்தீங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

‘தகுதி உண்டு’ என்று சார் தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கு ஒரு கடிதமும் அக்கா கேட்டபடி ஒரு காகிதமும் அங்கேயே அச்சடித்துக் கொடுத்தோம். அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்தால் கசங்கிவிடும் என்று கையிலேயே விரித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். கனிஷ்காவின் கதை மாநிலச் சுற்றுக்குப் போயிருக்கிறது. பரிசு வருமா வராதா என்று இன்னும் தெரியாது.

அவர்கள் போனபிறகு சார் எழுந்திருக்கவில்லை.

“சிவப்புன்னா மனப்பாடம்னு மட்டுந்தான் அது சொல்லுது. யாரோடதுன்னு சொல்லலை. அதை நாமளாத்தான் சேத்துக்கிட்டோம், இல்லியா?” என்றார்.

“ஆமா சார்.”

“இதுக்கு முன்னாடி ரெண்டு வருசத்துல, எங்கயும் பொருந்தலைன்னு நீ முத்திரை போட்டது எத்தனை இருக்கும்?”

எனக்குக் கணினியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமையே பார்த்துவிட்டேன்.

“முப்பத்தேழு சார்.”

“அந்தக் கதைங்க எப்படி இருந்துச்சு?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் நான்கு நாளாகப் பயந்துகொண்டிருந்தேன்.

“தெரியாது சார். நான் எதையும் படிக்கலை. நிறத்தை மட்டுந்தான் பாத்தேன்.”

அதில் சில உண்மையிலேயே வாத்தியார் எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம். எத்தனை என்று இப்போது யார் சொல்வது? தள்ளுபடியான தாள்களை ஆறு மாதத்தில் அரைத்துக் கூழாக்கிவிட வேண்டும் என்பதும் விதிதான். திரையில் பதிவான நிறங்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. முப்பத்தேழு சிவப்புச் செவ்வகங்கள். அவற்றுக்குக் கீழே பெயரும் போன் எண்ணும்.

“கூப்பிட்டுப் பாரு,” என்று சொல்லிவிட்டு சார் கிளம்பினார். கதவு வரை போனவர் திரும்பி வந்து, “முதல்ல மன்னிப்புக் கேளு,” என்றார்.

மறுநாள் காலையில் பட்டியலின் முதல் எண்ணைக் கூப்பிட்டேன். பூவிழி. இரண்டு வருடத்துக்கு முன் பதினொன்றாம் வகுப்பு. இப்போது பல்லடத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள் என்பது அவள் ‘ஒரு அட்டையா, ரெண்டு அட்டையாண்ணா?’ என்று யாரிடமோ கேட்டதிலிருந்து தெரிந்தது. நான் யார் என்று சொன்னேன்.

“அதான் அப்பவே ரிஜெக்ட் பண்ணிட்டீங்களேங்க. இப்ப எதுக்குங்க?”

மன்னிப்புக் கேட்டேன். நடந்ததைச் சொன்னேன். பிறகு கேட்டேன்.

“அந்தக் கதையை நீயே எழுதி மனப்பாடம் பண்ணினியாம்மா?”

“பின்ன? எல்லாரும் அப்பிடித்தானுங்க பண்ணுவாங்க. அன்னிக்கு யாராச்சும் கேட்டீங்களா? என்னாலதான் எங்க பள்ளிக்கூடத்தையே ஒரு வருசம் சேத்துக்கலைன்னு எல்லாரு முன்னாடியும் நிக்க வெச்சுப் பேசுனாங்க.”

“அப்புறம் வேற கதை ஏதாவது எழுதினியா?”

“இல்லீங்க.”

தாள் இல்லை, கூழாகிவிட்டது என்று சொன்னேன். சொல்லும்போதே எவ்வளவு கேவலமாக இருந்தது என்று அந்த இடத்தில் இருந்தால்தான் தெரியும்.

“பூவிழி, அந்தக் கதை என்னதும்மா? எனக்குத் தெரிஞ்சுக்கணும்.”

யாருக்கோ சில்லறை கொடுக்கிற சத்தம் கேட்டது. ஷட்டரைத் தாண்டி ஒரு பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

“மழை பெய்கிற நாட்களில் மட்டும் எங்கள் வீட்டுக்கு இன்னொரு கதவு வரும்,” என்றாள்.

குரல் மாறியிருந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருப்பாள் என்று தோன்றியது. “அந்தக் கதவைப் பற்றி வெளியாரிடம் சொல்லக் கூடாது என்று அப்பா எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் அந்த ஐப்பசியில் மழை ஒன்பது நாள் விடவில்லை…”

இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு சொல் தடுக்கவில்லை. நான் கைக்கு அகப்பட்ட ஒரு தள்ளுபடிப் படிவத்தைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் வேக வேகமாக எழுதிக்கொண்டிருந்தேன். கை வலித்தது. கதையில் ஒன்பதாம் நாள் வந்துவிட்டது, தங்கச்சி தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டாள், பூவிழியோ ஜன்னலில் வழிகிற மழையை விவரித்துக்கொண்டிருந்தாள்.

“கதவுக்கு அந்தப் பக்கம் என்னம்மா இருந்துச்சு?” என்று கேட்டே விட்டேன்.

“இருங்க மேடம்,” என்றாள். முதல் தடவையாக அவள் குரலில் சிரிப்பு தெரிந்தது. “வருதுங்க.”